பதினோரு பள்ளம்

குணசேகரன் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது பத்தடி பத்தடியாக. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, திருவாலங்காட்டுப் பக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டரில் கிளீனராகச் சேர்ந்திருந்தான். அரவைக் காலத்தில் ஆலை வாசலில் வண்டிகள் ஒரு முழு நாள் வரிசையில் நிற்கும். டிரைவர் இறங்கி வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார். வரிசை நகரும்போது வண்டியைப் பத்தடி நகர்த்தி நிறுத்துவது இவன் பொறுப்பு. இரண்டு அரவைக் காலம் அப்படி நகர்த்தியே கை படிந்துவிட்டது. லைசென்ஸ் எடுத்த வயதில், பாரம் ஏற்றிய டிரெய்லரைப் பின்னாலேயே சந்துக்குள் நுழைத்து நிறுத்துகிற ஆள் என்று சுற்றுவட்டாரத்தில் அவனுக்குப் பெயர் வந்துவிட்டது. பிறகு ஜேசிபியும் பழகினான். அந்த மஞ்சள் கையின் நுனி தன் விரல் நுனி மாதிரி என்று மனைவி அனிதாவிடம் ஒருமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அனிதா ஆர்.கே.பேட்டையில் ஒரு பவர்லூம் ஷெட்டில் நூல் சுற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அவர்கள் ஊர் திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டைக்குப் போகும் டவுன் பஸ் சாலையில் இருக்கிறது. கிழக்கே கோயில் மலை தெரியும். ஊருக்கும் சாலைக்கும் நடுவில் சித்தேரி. பெயரில்தான் சின்ன ஏரி, நிரம்பினால் கரையைச் சுற்றி நடக்க முக்கால் மணி நேரம் ஆகும். ஊரில் பாதிப் பேருக்குச் சொந்த நிலம் கிடையாது. ஆனால் ஏரி எல்லாருக்கும் இருந்தது. எருமை மேய்வது அங்கே, துணி துவைப்பது அங்கே, தண்ணீர் வற்றும்போது மீன் பிடிப்பது அங்கே, கோரை அறுப்பது அங்கே. கத்திரி வெயிலில் ஏரி காய்ந்து வெடித்துக் கிடக்கும்போது வண்டல் எடுப்பார்கள். அதற்கு ஓர் அளவு உண்டு. முழங்கால் ஆழத்துக்கு மேல் யாரும் வெட்டக் கூடாது. வெட்டினால் சமமாக வெட்ட வேண்டும். குழி விடக் கூடாது. கறுப்பு மண் முடிந்து சிவப்பு தெரிந்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும். எந்தப் பலகையிலும் இதை எழுதி வைக்கவில்லை. பக்கத்தில் வெட்டுகிறவன் பார்த்துக்கொண்டிருப்பான் என்பதுதான் சட்டம். குணசேகரனின் நைனா பங்காரு கூடையில் வண்டல் சுமந்து அடுத்தவர் நிலத்தில் கொட்டிப் பிழைத்தவர். அவர் காலத்தில் ஏரியின் அடி ஒரு களத்துமேடு போலச் சமமாகக் கிடந்தது.

தணிகைவேல் ஊருக்குத் திரும்பி வந்தபோது இதெல்லாம் மாறியது. அவன் சென்னையில் லாரி ஓட்டி, பிறகு லாரி வைத்து, இரண்டு டிராக்டரும் ஒரு ஜேசிபியுமாக வந்து இறங்கியவன். சாலை ஓரத்து நெல் வயல்களெல்லாம் மனைகளாக மாறிக்கொண்டிருந்த நேரம் அது. பள்ளமான வயலை மேடாக்க மண் வேண்டும். வண்டல் அதற்கு ஆகாது. வண்டலுக்குக் கீழே இருக்கும் சிவந்த கிராவல் மண்தான் இறுகி நிற்கும். விவசாயத்துக்கு வண்டல் எடுப்பதாக ஊரில் பத்துப் பதினைந்து பேர் பெயரில் தணிகைவேல் அனுமதி வாங்கினான். கையெழுத்துப் போட்டவர்களில் குணசேகரனும் ஒருவன். அவனுக்குச் சொந்தமாக ஒரு செண்ட் நிலம்கூடக் கிடையாது.

ஜேசிபியில் உட்கார்ந்து வெட்டியது குணசேகரன்தான். இரண்டு கோடைகள் வெட்டினான். நல்ல மண் ஒரே இடத்தில் பரவிக் கிடப்பதில்லை. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று திட்டுத் திட்டாக இருக்கும். திட்டு கிடைத்த இடத்தில் செங்குத்தாக இறங்குவான். பதினைந்து அடி, பதினாறு அடி. அது முடிந்தால் நகர்ந்து அடுத்தது. ஓரத்தைச் சரித்து விட்டால் நல்லது என்று ஒரு நாள் அவனே தணிகைவேலிடம் சொல்லிப் பார்த்தான்.

"அதுக்கு எவ்ளோ டீசல் போவும் தெரியுமா?" என்றான் தணிகைவேல். "ரெண்டு மழை பேஞ்சா தானா மூடிக்கும். நீ வேலையப் பாரு."

குணசேகரன் வேலையைப் பார்த்தான். இரண்டாவது கோடை முடிவில் சித்தேரியில் பதினோரு பள்ளம்.

ஊர் ஏன் கேட்கவில்லை என்று பிற்பாடு வெளியூர்க்காரர்கள் கேட்டார்கள். ஊர் கேட்காததற்குக் காரணம் இருந்தது. வீடு கட்டுகிற யாராக இருந்தாலும் பேஸ்மட்டம் நிரப்பத் தணிகைவேல் நாலு லோடு சும்மா கொடுத்தான். மாரியம்மன் கோயில் முன்னால் கொட்டி மேடாக்கினான். பள்ளிக்கூடத்து வாசலில் கொட்டினான். குணசேகரன் கட்டிய இரண்டு அறை தளம் போட்ட வீட்டுக்குக் கீழேயும் அந்த மண்தான். அவரவர் வீட்டுக்குள் போகிற மண்ணை யார் ஏன் என்று கேட்பார்கள்?

ஒருத்தி மட்டும் கேட்டாள். மணியம்மைக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. குணசேகரன் வீட்டுக்கு மூன்றாவது வீடு. உறவுமுறையில் அத்தை. புருஷன் இறந்த பிறகு மூன்று எருமைகளை வைத்துக்கொண்டு பால் ஊற்றி மகனைப் படிக்க வைத்தவள். மகன் கௌதமன் அரக்கோணத்தில் ரயில்வே கான்ட்ராக்ட் வேலையில் இருந்தான். எருமைகளை விற்றுவிட்டுத் தன்னோடு வந்து இருக்கும்படி அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான், இவள் போகவில்லை. அந்தக் கோடையில் ஒரு நாள் எருமைகளை ஓட்டிக்கொண்டு வந்தவள் பள்ளத்தின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தாள். குணசேகரன் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தான்.

"இன்னாடா குணா, தூர் எடுக்கறியா, கெணறு வெட்றியா?"

"ரெண்டுந்தான் அத்தை. ஒன் எருமை குளிக்க ஆழம் வேணாவா?"

"எருமைக்கு நீச்சல் தெரியும். எனக்கு இன்னா தெரியும்? இடுப்பு மட்டும் எறங்குவன், அவ்ளோதான். தண்ணி ரொம்பிட்டா இந்தக் குழி எங்க கீதுன்னு கண்ணுக்குத் தெரியுமா?"

"மழைக்கு முந்தி கழி நட்டு அடையாளம் வெச்சுட்றன், போ."

"வெப்பியா?"

"ஆங், வெக்கறன்."

அவன் பொய் சொல்லவில்லை. நட வேண்டும் என்றுதான் அப்போது நினைத்தான். ஆனால் கோடை முடிந்து வேலை வேறு இடத்துக்குப் போனது. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் கூட்டம் நெரிந்த வாரம் தண்ணீர் லாரி ஓட்டினான். பிறகு கரும்பு. பிறகு மறந்துபோனான்.

அந்த ஐப்பசியில் புயல் வந்தது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. நான்கு வருஷமாக முழுதாக நிரம்பாத சித்தேரி மூன்றாம் நாள் நிரம்பிக் கோடி போயிற்று. ஊரே குடையோடு கரைக்குப் போய்த் தண்ணீர் வழிவதைப் பார்த்தது. பெண்கள் மஞ்சள் கரைத்து ஊற்றிக் கற்பூரம் ஏற்றினார்கள். குணசேகரனும் அனிதாவோடு போய் நின்றான். சாம்பல் நிறத்தில் ஒரே மட்டமாகத் தண்ணீர் விரிந்து கிடந்தது. அதைப் பார்க்க அவனுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஐந்தாவது நாள் காலை வெயில் அடித்தது. ஒன்பதரை மணி இருக்கும். மணியம்மை எருமைகளை ஏரியில் இறக்கிவிட்டுக் கரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு எருமைகள் கூப்பிட்டதும் வந்துவிட்டன. இன்னும் கன்று போடாத கடாரி ஒன்று மட்டும் வராமல் அடம் பிடித்தது. வழக்கம்போலப் புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு, கோலை நீட்டியபடி அவள் இறங்கினாள். துவைக்கிற கல்லில் இருந்த பிரேமா அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். முழங்கால் அளவு, தொடை அளவு, இடுப்பு அளவு. ஏதோ கடாரியைத் திட்டினாள். பிரேமா குனிந்து ஒரு துணியை அலசி நிமிர்ந்தபோது கோல் மட்டும் மிதந்தது. கடாரி தானாகக் கரை ஏறி வந்துகொண்டிருந்தது.

பிரேமா போட்ட சத்தம் சாலை டீக்கடை வரைக்கும் கேட்டது. குணசேகரன் அங்கேதான் இருந்தான். ஓடிவந்தபோது கரையில் முப்பது நாற்பது பேர் கூடியிருந்தார்கள். நீச்சல் தெரிந்த இரண்டு பேர் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கியிருந்தார்கள். எங்கே பள்ளம் என்று தெரியாத பயத்தில் ஒவ்வோர் அடியையும் காலால் துழாவிக்கொண்டு போனார்கள். பிரேமா காட்டிய திசையில்தான், ஆனால் காற்றில் நகர்ந்துபோன கோலைப் பார்த்து முப்பது அடி தள்ளிப் போனார்கள்.

குணசேகரனுக்கு முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. ஜேசிபியை நிறுத்தும்போது அவன் எப்போதும் இரண்டு அடையாளங்களைப் பார்த்து நிறுத்துவான். மதகுக் கட்டையும் அதற்கு எதிரே இரட்டைப் பனையும். அந்த இரண்டையும் சேர்த்துக் கண்ணால் ஒரு கோடு போட்டால் அவன் வெட்டிய ஐந்தாவது பள்ளம் கோட்டின் மேலேயே இருந்தது. பிரேமா கை காட்டிய திசையில் வேறு பள்ளம் கிடையாது.

வாயைத் திறக்கப்போனான். பக்கத்தில் யாரோ கையைப் பிடித்தார்கள். தணிகைவேல்.

"சும்மா இரு," என்றான், உதடு அசையாமல். "ஃபயர் ஆளுங்க வந்துகினு கீறாங்க. அவுங்க பாத்துப்பாங்க. நீ பேசினா நம்ம ரெண்டு பேரும் போனோம்."

குணசேகரன் நின்றான்.

எவ்வளவு நேரம் நின்றான் என்று பிறகு எத்தனையோ தடவை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறான். ஒரு நிமிஷம் என்று ஒரு சமயம் தோன்றும். மூன்று என்று தோன்றும். தண்ணீரில் இருந்த இருவரும் ஒருமுறை மூச்சு வாங்கத் திரும்பி நின்றார்கள் என்பது ஞாபகம் இருக்கிறது. பிரேமா தலையில் அடித்துக்கொண்டு அழுதது ஞாபகம் இருக்கிறது. யாரோ செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தது ஞாபகம் இருக்கிறது. தணிகைவேலின் கை எந்த நொடியில் தன் கையை விட்டது என்பது மட்டும் ஞாபகம் இல்லை.

சட்டையோடு இறங்கினான். "அங்க இல்ல! இங்க வாங்க! பனைமரத்துக்கு நேரா!" என்று கத்தினான். அவனுக்கு நீச்சல் அரைகுறைதான். இடுப்பளவுத் தண்ணீரில் போய் ஓரிடத்தில் நின்று, முன்னால் கையை நீட்டினான். "நான் நிக்கற எடத்துலருந்து ரெண்டு அடி. அதுக்கப்புறம் தரை இல்ல."

கயிற்றோடு வந்தவர்கள் முங்கினார்கள், அடி எட்டவில்லை. அதற்குள் திருத்தணியிலிருந்து தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. அதிகாரி கரையில் நின்று, "எவ்வளவு ஆழம்?" என்று கேட்டார்.

"பதினாறு அடி சார். மேல தண்ணி நாலு. மொத்தம் இருவது."

"சுவர் எப்படி இருக்கு? சரிவா?"

"இல்ல சார். நெட்டுக்குத்தா கீது."

"உனக்கு எப்படிய்யா தெரியும்?"

கரையில் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான் சார் வெட்னன்."

இருபது நிமிஷத்தில் மணியம்மையை மேலே கொண்டுவந்தார்கள். விரல் நகங்களிலெல்லாம் சிவப்பு மண். பள்ளத்தின் சுவரைப் பிடித்து ஏறப் பார்த்திருக்கிறாள். ஈர மண் பிடி கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், விழுந்த சில நிமிஷங்களிலேயே உயிர் போயிருக்கும் என்றார். சில நிமிஷம் என்றால் எத்தனை என்று குணசேகரன் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் யாராலும் சொல்லியிருக்க முடியாது.

சாயங்காலம் கௌதமன் வந்தான். அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அவன் குணசேகரனை மாமன் மகன் முறையில் பாவா பாவா என்று கூப்பிட்டு வளர்ந்தவன். டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்து கரும்பு தின்றவன். அடிக்கப்போகிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். குணசேகரன் அதற்குத் தயாராகத்தான் வாசலில் நின்றிருந்தான். கௌதமன் அவன் எதிரே வந்து நின்று, முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"மொத்தம் எத்தினி வெட்ன?"

"பதினொண்ணு."

"அப்ப இன்னும் பத்து அப்பிடியே கீதா?"

கௌதமன் உள்ளே போய்விட்டான்.

மணியம்மையை அடக்கம் செய்த மறுநாள் காலை குணசேகரன் சவுக்குக் கழிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போனான். மதகு திறந்து மூடுகிற எல்லப்பன் அவனைப் பார்த்துவிட்டு வந்தார். லாரி டியூபில் கயிற்றைக் கட்டி, ஒரு நுனியைத் தன் கையில் சுற்றிக்கொண்டார். குணசேகரன் டியூபைப் பிடித்தபடி இறங்கி, காலால் விளிம்பைத் தேடி, அதிலிருந்து நாலடி இப்பால் கழியை ஊன்றி அடித்தான். கழியின் தலையில் அனிதாவின் பழைய சிவப்புப் புடவையைக் கிழித்துக் கட்டினான். முதல் நாள் ஆறு. இரண்டாம் நாள் நான்கு. வெட்டிய வரிசையில் பத்தாவதாக வந்த பள்ளம் மட்டும் கிடைக்கவே இல்லை. மதகுக் கட்டைக்கும் பனைக்கும் எத்தனை முறை கோடு போட்டாலும், போய் நின்றால் கால் தரையில்தான் நின்றது. ஆறு தடவை இறங்கினான். ஏழாவது தடவை எல்லப்பன் கயிற்றை இழுத்து அவனைக் கரையேற்றினார். உதடு நீலமாகியிருந்தது.

"தண்ணிக்கு அடியில மண்ணு நகரும்டா," என்றார். "நீ விட்ட மாதிரியே இருக்கும்னு நெனைச்சியா?"

அன்றைக்கே அவன் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தான். யார் சொல்லி வெட்டினேன், எத்தனை ஆழம், மண் எங்கே போனது, எல்லாம். தன் கையெழுத்து அந்த அனுமதியில் எப்படி வந்தது என்பதையும் எழுதினான். கரையில் நின்ற நேரத்தை மட்டும் எழுதவில்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை. அனிதாவிடம்தான் சொன்னான். அவள் சோறு போட்டுக்கொண்டிருந்தவள், கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "என் கிட்ட சொன்னத வேற யாருகிட்டயும் சொல்லாத," என்றாள். அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவன் எதிரே உட்கார்ந்து அவள் சாப்பிடவில்லை.

வழக்கு இன்னும் நடக்கிறது. கைதான தணிகைவேலும் குணசேகரனும் ஜாமீனில் வெளியே இருக்கிறார்கள். தணிகைவேல் வக்கீல் வைத்தான். ஜேசிபியை வேறு பெயருக்கு மாற்றினான். ஆந்திரா எல்லைக்கு அந்தப் பக்கம் எங்கோ வேலை எடுத்திருப்பதாகச் சொல்கிறார்கள். குணசேகரனுக்குத்தான் யாரும் வண்டி தரவில்லை. எழுதிக் கொடுக்கிறவன் கையில் எந்த முதலாளி சாவி கொடுப்பான்? அவன் அனிதா வேலை செய்த ஷெட்டிலேயே நூல் மூட்டை தூக்கப் போனான். ஊரில் அவனைக் குறித்து இரண்டு பேச்சு இருந்தது. ஒரு கிழவியைக் கொன்றவன் என்று சிலர். ஊர்ப் பேரைக் கெடுத்தவன் என்று மற்றவர்கள். இரண்டாவது பேச்சுதான் அதிகம். போலீஸ் வந்து வீடு வீடாக மண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு போனதில் எல்லாருக்கும் கோபம்.

கழிகளுக்கு இரண்டு வாரம் மரியாதை இருந்தது. அதற்குப் பிறகு மூன்றாவது கழிக்கு அப்பால் வலை போட்டார்கள். ஒரு கல்யாணப் பந்தலுக்கு இரண்டு கழிகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். குணசேகரன் வேறு கழி நட்டான். அவன் நடும்போது கரையில் நின்று ஒருவன் சிரித்தான்.

"வெட்டும்போது நடலியாம், இப்ப நட்றானாம்."

அவன் சொன்னதில் தப்பொன்றும் இல்லை என்று குணசேகரனுக்குத் தோன்றியது. அடித்து முடித்துவிட்டுத்தான் கரையேறினான்.

அடுத்த கோடையில் ஏரி வற்றியது. பத்தாவது பள்ளம் எங்கே என்று அப்போதுதான் தெரிந்தது. நான்காவது பள்ளத்துக்கும் அதற்கும் நடுவில் இருந்த சுவர் தண்ணீரில் கரைந்து விழுந்து, இரண்டும் ஒரே பெரிய மடுவாகியிருந்தன. நான்காவது பள்ளத்துக்கு அவன் நட்ட கழி அந்த மடுவுக்குள் சாய்ந்து கிடந்தது. அத்தனை மாதமும் அந்தக் கழிக்கு இப்பால் பத்திரம் என்று நினைத்து ஆட்கள் நடந்திருக்கிறார்கள். அதைப் பார்த்த அன்றைக்கு அவன் வேலைக்குப் போகவில்லை. மடுவின் ஓரத்தில் வெயிலிலேயே உட்கார்ந்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம் போட்டபோது எழுந்து பேசினான். கூட்டத்தில் அவன் பேசியது அதுதான் முதல் தடவை.

"மூட முடியாது. மூட மண்ணு இல்ல. மண்ணு நம்ம வூட்டுக்கு அடியில கீது, ரோட்டோர மனைங்களுக்கு அடியில கீது. ஓரத்தையாச்சும் சரிச்சு உடணும். நடந்து போறவங்க காலுக்கு, ஆழம் வருதுன்னு கொஞ்சம் கொஞ்சமா தெரியணும். மொத ஆளா நான் மம்மட்டி தூக்கறன்."

கடைசியில் பிரேமாதான் எழுந்தாள். அவள் நூறு நாள் வேலைக்குப் போகிறவள். "எங்க செட்டுல முப்பது பொம்பளைங்க கீறோம். ஏரி வேலையாவே கேட்டு எழுதி வாங்கலாம். ஆனா இவரு மட்டும் எங்க கூட நிக்கக் கூடாது. எனக்கு அந்தக் கோல் கண்ணு முன்னால வருது."

அப்படியே முடிவானது. பெண்கள் கிழக்கு ஓரத்திலிருந்து சரித்துக்கொண்டு வந்தார்கள். குணசேகரன் மேற்கு ஓரத்தில் தனியாக, ஷெட்டுக்குப் போகாத நாட்களில் வெட்டினான். ஜேசிபி சுலபமாகச் செங்குத்தாக எடுத்ததை மம்மட்டியால் சரிக்க ஒரு பள்ளத்துக்கு எட்டு நாள் ஆயிற்று. மழைக்கு முன்னால் ஏழு பள்ளங்களைச் சரித்தார்கள். மீதியிருந்த அந்தப் பெரிய மடுவையும் இரண்டு பள்ளங்களையும் சுற்றிக் கல்தூண் நட்டு முள்கம்பி கட்டியது பஞ்சாயத்து. வண்டல் எடுக்க வருகிறவர்கள் முழங்கால் ஆழத்தோடு நிறுத்த வேண்டும், இயந்திரம் இறங்கக் கூடாது, வெட்டும்போது ஊர் ஆள் ஒருவர் உடன் நிற்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். எல்லப்பன் அந்தத் தாளை மதகு அறைக் கதவில் ஒட்டினார். ஒரே மழையில் எழுத்து கரைந்துவிட்டது. மறுபடி எழுதி ஒட்டினார்.

வருஷ திதிக்குக் கௌதமன் வந்தான். எருமைகளை எப்போதோ விற்றிருந்தான். வீட்டையும் விற்க ஆள் பார்த்துக்கொண்டிருந்தான். ஏரிக்கரையில் பிண்டம் வைத்துவிட்டுக் குளிக்க இறங்கும் முன், கல்தூண்களையும் சரித்துவிட்ட ஓரங்களையும் கொஞ்ச நேரம் பார்த்தான். குணசேகரன் மதகு பக்கம் தள்ளி நின்றிருந்தான். கௌதமன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு அவனைத் தாண்டித்தான் ஊருக்குள் போனான். குணசேகரன் ஓரமாக விலகி வழி விட்டான்.

இந்த வருஷமும் ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. தண்ணீர் ஏறத் தொடங்கிய நாளிலிருந்து குணசேகரன் காலையில் வேலைக்குப் போகுமுன் கரையில் ஒரு நடை நடக்கிறான். கம்பி அறுந்திருக்கிறதா, தூண் சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பான். புதிதாக யாராவது இறங்கினால் ஆழம் சொல்வான். சிலர் கேட்பார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு துறைக்குப் போவார்கள்.

போன திங்கட்கிழமை ஒரு பெண் கூடை நிறையத் துணியோடு வந்து நின்றாள். அரக்கோணத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த மருமகள், பிரபாவதி என்று பெயர். ஊருக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"ஏங்க, இங்க எறங்கலாங்களா? எங்க மாமியாரு பாத்து எறங்குன்னாங்க."

"இந்தக் கல்லுலருந்து நாலு அடி வரைக்கும் போலாம்மா. முழங்காலுக்கு மேல வராது. அந்தத் தூணுங்க பக்கம் போவவே போவாத. துணி மெதந்து போனாலும் போவட்டும், உட்டுடு."

"ஆங், சரிங்க."

அவள் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். அவன் எண்ணிக்கொண்டிருந்தான். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது அடியில் நின்று திரும்பிப் பார்த்து, போதுமா என்பது போலத் தலையை அசைத்தாள். போதும் என்று கையைக் காட்டினான். சாலையில் அவன் போக வேண்டிய பஸ் வந்து நின்று கிளம்பிப் போனது. கூடையில் பாதித் துணி மீதம் இருந்தது. குணசேகரன் கரைக்கல்லின் மேல் உட்கார்ந்தான்.